உயரத்திலிருந்து ஊற்றுகிறவர்கள்

பானையின் வாய் குடுக்கையின் வாயைத் தொட்டபடியே இருக்க, கருஞ்சிவப்பாக ஒரு கொதிநீர் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஊற்றுகிறவளின் விரல்களில் களிமண் காய்ந்து செதில் செதிலாய் வெடித்திருக்கிறது, ஆவி அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் எழுந்து போகிறது, சுரைக்காயைப் பாதியாக அறுத்துக் காயவைத்த குடுக்கை அது, விளிம்புவரை நிரப்பி இரண்டு கையாலும் ஏந்தி என் பக்கம் நீட்டுகிறாள், நான் வாங்கிக்கொள்கிறேன், உள்ளங்கையில் சூடு ஏறுகிறது, அய்யர்வாள், அது வேண்டாம், கீழ வெச்சுடுங்கோ என்று பின்னாலிருந்து கோமளம் மாமியின் குரல் வருகிறது, அய்யர்வாள் என்று அவள் கூப்பிடுவது என்னைத்தான், இந்தப் பயணம் முடிகிறவரை நான் அய்யர், பிறப்பால் இல்லை, கம்பெனி போட்ட விளம்பரத்தால். குடித்தால் அந்த அய்யர் பட்டம் போய்விடும், அதோடு வேலையும் போகும், குடிக்காமல் கீழே வைத்தால் என்ன போகும் என்று கேட்டால் அதற்கு ஒரு பெயர் எனக்கு உடனே கிடைக்கவில்லை, குடுக்கை கையில் இருக்கிறது, முகுந்தன் சார் தொண்டையைச் செருமுகிறார், வைத்துவிடு என்று அதற்கு அர்த்தம்.

முகுந்தன் சார் கம்பெனியின் மேனேஜர், வயதானவர்களைத் தூர தேசங்களுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய நகரங்களும் கோட்டைகளும் மலைசாதி மக்களின் ஊர்களும் காட்டிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற கம்பெனி, எங்கே போனாலும் மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு என்பதுதான் அவர்களுடைய பெருமை, அதற்காகக் குக்கரும் தோசைக்கல்லும் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் ஒரு சமையல்காரரும் கூட்டத்தோடு விமானம் ஏறும், எத்தியோப்பியாவுக்குக் கிளம்ப இருந்த சமயத்தில் அந்தச் சமையல்காரர் கல்யாணராம அய்யர் குடலிறக்கம் என்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நான் திருச்சிக் கல்யாண மண்டபங்களில் அவருக்குக் கீழே அண்டா கழுவி, காய் நறுக்கி, பிறகு அடுப்புக்கு வந்தவன், அவருடைய கைப்பக்குவம் என் கைக்கு வந்திருந்தது, முன்பு ஒரு கல்யாணத்துக்கு மஸ்கட் போனதால் பாஸ்போர்ட்டும் இருந்தது, முகுந்தன் சாருக்கு இதெல்லாம் தெரியும், என் தெருவும் தெரியும். விமான நிலையத்து வாசலில் ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்து, அண்ணே, அய்யர் சமையல்னு விளம்பரத்துலயே போட்டாச்சு, எல்லாம் கும்பகோணம், மாம்பலம் மாமா மாமிங்க, ஊருக்குத் திரும்புற வரைக்கும் போட்டுக்குங்க, யாரும் ஒங்கள மந்திரம் சொல்லச் சொல்லப்போறதில்ல, பேச்ச மட்டும் கொறச்சுக்குங்க என்றார், பிரித்துப் பார்த்தால் பூணூல். கழிவறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி நின்றபோது எந்தத் தோள் என்று சந்தேகம் வந்துவிட்டது, கல்யாணராம அய்யர் வெற்று மார்போடு ரசத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி நினைவில் கொண்டுவந்து, இடது தோள் என்று கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டேன், வெளியே வந்தபோது முகுந்தன் சார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரியா இருக்கு என்றார், கல்யாணத்துக்கு மாப்பிள்ளைச் சட்டை தைத்துப் பார்க்கிற மாதிரி.

அடிஸ் அபாபாவில் இறங்கினோம், குளிராக இருந்தது, கடைப் பலகைகளில் எழுத்துகள் காலும் கையும் முளைத்துச் சின்னச் சின்ன ஆட்களாக வரிசையில் நின்றன, முப்பது வயதுக்கு மேல் இரவுப் பள்ளியில் எழுத்தைக் கற்று, பஸ் பலகைகளைச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டு ஊர் சுற்றியவன் நான், அங்கே மறுபடியும் எழுத்துத் தெரியாதவனாகிவிட்டேன், அதில் ஒரு நிம்மதியும் இருந்தது, எது போலி எது நிஜம் என்று எந்தப் பலகையும் என்னைக் கேட்கவில்லை. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவன் மெஸ்ஃபின், கோண்டர் நகரத்துக்காரன், முன்பு இதே கம்பெனிக் கூட்டங்களோடு சுற்றியதில் சாப்ட்டாச்சா, சீக்கிரம், அய்யோ முதுகு என்று மூன்று தமிழ்ச் சொல்லைக் கற்று வைத்திருந்தான், அதை வைத்தே எல்லோரையும் சிரிக்க வைத்தான். இங்கே புதனும் வெள்ளியும் விரதம், இறைச்சி, பால், முட்டை கிடையாது, புளித்த மாவில் சுட்ட அகலமான அடையும் பருப்புக் குழம்பும்தான் என்று அவன் சொன்னதை முகுந்தன் சார் தமிழில் சொன்னதும் கோமளம் மாமிக்கு அந்த நாட்டின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது, பாருங்கோ, நம்ம ஏகாதசி மாதிரின்னா இருக்கு என்று என்னிடம் வந்து சொன்னாள், ஆனாலும் அந்த அடையை அவள் தொடவில்லை, எனக்கு நீங்க போடறதுதான் என்றாள். மாமி கும்பகோணத்தில் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், புருஷன் இல்லை, பிள்ளைகள் அமெரிக்காவில், வெளியில் எங்கேயும் சாப்பிடாதவள், அதனாலேயே எங்கேயும் போகாதவள், அய்யர் சமையல் என்று பார்த்த பிறகுதான் வாழ்க்கையில் முதல்முறையாக இவ்வளவு தூரம் வந்தாள், தினமும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பக்கம் வந்து, இன்னிக்கு ரசம் அமிர்தம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவாள், அந்த வார்த்தைக்காக நான் காத்திருக்க ஆரம்பித்திருந்தேன், அதுதான் இதில் பெரிய தொந்தரவு.

லாலிபெலா என்கிற ஊரில் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து தேவாலயங்கள் செய்திருக்கிறார்கள், கல்லை அடுக்கிக் கட்டியது இல்லை, வேண்டாததைக் கழித்துக் கழித்து மிச்சம் நின்றதே கோபுரம், வெள்ளைத் துணி போர்த்திய பெண்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிலைப்படியைக் கும்பிட்டு உள்ளே போகிறார்கள், மாமியும் கும்பிட்டாள், இதை ராத்திரிகளில் தேவதைகள் இறங்கி வந்து செதுக்கியதாகச் சொல்வார்கள் என்று மெஸ்ஃபின் சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூணூல் போடுவதற்கு முன்னால், கரண்டி பிடிப்பதற்கும் முன்னால், நான் புதுக்கோட்டைப் பக்கம் கல் உடைத்தவன், என் அப்பாவும் அதே குவாரியில்தான், சுவரில் கை வைத்தால் உளி போன தடம் வரிவரியாக விரலுக்குத் தட்டுப்படுகிறது, சோர்ந்த கை எது, புதுக் கை எது என்பதுகூட அதில் தெரிகிற மாதிரி இருந்தது, தேவதைக்கு உள்ளங்கை காய்த்துப் போகுமா என்று மெஸ்ஃபினிடம் கேட்க வாய்வரை வந்துவிட்டது, அய்யருக்கு உளியைப் பற்றி என்ன வந்தது என்று புளியோதரைத் தூக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அன்றைக்கு வேனில் கண் சொருகிவிட்டது, அந்தப் பள்ளத்துக்குள் அப்பா நிற்கிறார், இடுப்பில் துண்டு, தலையெல்லாம் கல்தூசு, தேவாலயத்தின் கூரையிலிருந்து ஆரம்பித்துக் கீழே கீழே போய்க்கொண்டிருக்கிறார், டேய், டீ வாங்கிட்டு வா என்கிறார், நான் ஓடுகிறேன், ஓடி நிற்கிற இடம் எங்கள் ஊர்க் கடை.

அந்தக் கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குக் கண்ணாடித் தம்ளர் கிடையாது, கூரை எரவாணத்தில் சிரட்டைகள் செருகியிருக்கும், அவரவர் எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும், கடைக்காரர் பாத்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கி அங்கிருந்து விடுவார், பாத்திரமும் சிரட்டையும் பட்டுவிடக் கூடாது, அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தேநீர் காற்றில் ஆடும், கையில் தெறிக்கும், அப்பா சிரட்டையைக் கொஞ்சம் முன்னால் கொஞ்சம் பின்னால் நகர்த்தி நகர்த்திச் சிந்தாமல் பிடிப்பார், அதில் அவருக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது, சின்ன வயதில் அதைப் பார்த்து நான் கைதட்டியிருக்கிறேன், வித்தை என்று நினைத்து. வேன் குலுங்கி விழித்துக்கொண்டால் மாமி முன்சீட்டிலிருந்து திரும்பி, தூக்கத்துல சிரிக்கறேளே அய்யர்வாள், ஆத்துல யாரையாவது நெனச்சுண்டேளா என்கிறாள், ஆமா மாமி, அப்பா என்றேன், அப்பாவும் சமையலா என்றாள், இல்ல மாமி, கல்லு வேல என்று சொல்லிவிட்டேன், நாக்கு முந்திக்கொண்டது, சிற்பியா, ஸ்தபதி வம்சமா என்று அவளே அதற்கு ஒரு நல்ல அர்த்தம் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னாள், முகுந்தன் சார் டிரைவருக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வையில் வேனுக்குள்ளேயே வெயில் அடித்தது.

கோண்டரில் ராஜாக்களின் கோட்டைகளைப் பார்த்தோம், ஒரு தேவாலயத்தின் கூரை முழுக்க தேவதைகளின் தலைகள் எழுதியிருந்தார்கள், தலைக்கு இரண்டு சிறகு, பெரிய பெரிய கண்கள், எங்கே போய் நின்றாலும் ஒன்று நம்மைப் பார்க்கிறது, நான் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். பிறகு தெற்கே, நாள்கணக்கில் வேன், மலை மாறியது, மண் சிவந்தது, வாழை வந்தது, வீடுகள் வட்டமாகி மேலே கூம்பாகிப் புல் தொப்பி போட்டுக்கொண்டன, ஒவ்வொரு மலைக்கும் ஒரு ஜனம், ஒரு பேச்சு, ஒரு சிகை. ஒரு ஊரில் உழவர்களின் வீடுகளையெல்லாம் பார்த்து முடித்ததும் மெஸ்ஃபின் எங்களை ஓடைக்கு அந்தப் பக்கம் தள்ளியிருந்த சில குடிசைகளுக்குக் கூட்டிப்போனான், அந்த ஜனத்தின் பெயரை நான் எழுதவில்லை, அவர்கள் என்னை எழுதச் சொல்லவில்லை, பானை செய்கிறவர்கள், இரும்பு அடிக்கிறவர்கள். மெஸ்ஃபின் சொன்னான், முகுந்தன் சார் அதைத் தமிழில் சொன்னார், சொல்லும்போது குரலை இறக்கிக்கொண்டார், அதாவது இவங்க செய்யற பானை இல்லாம ஊர்ல அடுப்பு எரியாது, ஆனா ஊர்க்காரங்க இவங்க வீட்டுக்குள்ள போக மாட்டாங்களாம், இவங்க கையால எதுவும் வாங்கிச் சாப்பிட மாட்டாங்களாம், பொண்ணு குடுத்து எடுக்கறதும் இல்லியாம். ஓய்வு பெற்ற எஞ்சினியர் சபேசன் மாமா, அட, இங்கேயுமா என்றார், அதில் இருந்தது ஆச்சரியமா, தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை, எல்லோரும் படம் எடுத்தார்கள்.

ஆஸ்தெர் என்று அவளுக்குப் பெயர், சக்கரம் இல்லாமல் தரையில் பானையை வைத்துவிட்டு அவள்தான் பானையைச் சுற்றிச் சுற்றி வந்தாள், விரலாலும் ஒரு கொட்டாங்கச்சித் துண்டு மாதிரியான ஓட்டாலும் வழித்து வழித்து வாயை வட்டமாக்கினாள், முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுப்பிலிருந்த பெரிய பானையைத் தூக்கி வந்தாள், வந்தவர்களுக்குக் காப்பிக்கொட்டையின் தோலைக் கொதிக்கவைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம், அதைக் குடித்தால்தான் வந்ததாகக் கணக்கு. முதல் குடுக்கை மாமிக்கு, வயதானவள் என்று. மாமி இரண்டு கையையும் கூப்பி, எனக்கு விரதம்னு சொல்லுங்கோ மேனேஜர் என்றாள், சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஆஸ்தெர் அதற்கு முன்பே குடுக்கையை இழுத்துக்கொண்டுவிட்டாள், அவ்வளவு வேகமாக இழுக்க எத்தனை வருஷம் பழகியிருக்க வேண்டும். அடுத்து சபேசன் மாமா வயிற்றைத் தொட்டுக் காட்டினார், ஒருவர் மாத்திரை போடுகிற மாதிரி செய்து காட்டினார், எல்லோரும் சிரித்த முகமாகத்தான் மறுத்தார்கள், மெஸ்ஃபின் வாங்கினான், பேசிக்கொண்டே காலடியில் வைத்தான், வாங்கியதும் நிஜம், குடிக்காததும் நிஜம். அவள் பானையைக் கீழே வைக்கப் போனாள், வைக்கும் முன்னால், கூட்டத்துக்குக் கடைசியில் தூக்குப் பாத்திரத்தோடு நின்ற என்னைப் பார்த்தாள், என்ன நினைத்தாளோ, கையசைத்து என்னை முன்னால் கூப்பிட்டு இன்னொரு குடுக்கையை எடுத்து, பானையின் வாயைக் குடுக்கையின் வாயில் வைத்து ஊற்றினாள், துளி உயரம்கூட இல்லாமல், எங்கள் ஊர்க் கடைக்காரர் பார்த்திருந்தால் பயந்திருப்பார்.

குடித்தேன், உப்பு, இஞ்சி, நாக்கின் அடியில் ஒரு காரம், காப்பி என்று சொல்ல முடியாது, சுக்குக் கஷாயத்துக்குச் சொந்தக்காரன் என்று சொல்லலாம், பாதி குடித்ததும் அப்பாவின் நினைவு வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை, நல்ல சூடு, நல்ல ருசி, அவ்வளவுதான் இருந்தது, காலிக் குடுக்கையை மறுபடியும் நீட்டினேன், அவள் சிரிக்காமல் நிரப்பினாள். திரும்பினால் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மாமிக்குக் கோபம் இல்லை, அவள் பதறிப்போயிருந்தாள், எனக்காகப் பதறினாள், சரி, சரி, அறியாம நடந்துடுத்து, போனதும் ஸ்நானம் பண்ணி, பூணூல மாத்திண்டுடுங்கோ, ஆயிரத்தெட்டு காயத்ரி ஜபிச்சாப் போச்சு, நாங்க யாரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம் என்று ஒரு வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி சொன்னாள், முகுந்தன் சார் வேகவேகமாகத் தலையாட்டினார், நானும் தலையாட்டியிருந்தால் போதும், மறுநாளும் ரசம் அமிர்தமாக இருந்திருக்கும். மாத்த வேற பூணூல் இல்ல மாமி, இதும் என்னுது இல்ல, முகுந்தன் சார் வாங்கிக் குடுத்தது என்றேன். அப்ப நீங்க யாரு என்று மாமி கேட்டாள். நான் சொன்னேன், ஊர், தெரு, ஆள் எல்லாம், சொல்ல ரொம்ப நேரம் ஆகவில்லை. சட்டைக்குள் கையை விட்டு அதைக் கழற்றி முகுந்தன் சாரிடம் கொடுத்தேன், எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மெஸ்ஃபின் என் பக்கத்தில் வந்து என்ன என்ன என்று கேட்டான், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் என் நெஞ்சைத் தொட்டு, பிறகு அந்தக் குடிசையைக் காட்டி, சேம், சேம் என்றேன், அவன் சிரிக்க வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டான், தன் காலடியில் இருந்த குடுக்கையைப் பார்த்தான், அதைக் குடித்தானா என்று நான் பார்க்கவில்லை, வேனில் பாத்திரம் ஏற்ற வேண்டியிருந்தது.

அர்பா மிஞ்ச் என்கிற ஊரில் ஏரியைப் பார்த்த விடுதி. முகுந்தன் சார் தனியாகக் கூப்பிட்டு, ஏண்ணே, ஒரு வாய் கஷாயத்துக்கா என்றார், திட்டவில்லை, களைத்துப்போயிருந்தார், ஊருக்குப் போனதும் மண்டபத்துலயே இருந்துக்குங்க, இனிமே டூருக்கு வேண்டாம் என்றார், சரிங்க என்றேன். அன்று சாயங்காலம் பாதிப் பேர் என் சமையலைத் தொடாமல் வாழைப்பழம் தின்றார்கள், சபேசன் மாமா தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார், சாம்பார் நேத்திக்கு இருந்த அதே சாம்பார்தானே, போடும் ஓய் என்றார், அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள், மறுநாள் காலை பொங்கலின் வாசனைக்கு மிச்சப் பேரும் வந்துவிட்டார்கள், முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டார்கள். மாமி வரவில்லை. நான் அடுப்பை விட்டுத் தள்ளிப் போனதும் வந்தாள், ஒரே அடுப்புத்தான் இருந்தது, அதன்மேல் தண்ணீர் தெளித்தாள், தன் பெட்டியிலிருந்த சின்னப் பாத்திரத்தில் கைப்பிடி அரிசியை வைத்துத் தனக்கென்று வடித்துக்கொண்டாள், நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பொய் சொல்லிட்டேளே என்று என்னைப் பார்க்காமல் ஒரு தடவை சொன்னாள், பிறகு, ரசம் நன்னாத்தான் இருந்தது என்றும் சொன்னாள், அதை ஒரு குற்றமாகச் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் முதலை பார்க்கப் படகில் போய்விட்டார்கள், மாமிக்குத் தலைசுற்றல், போகவில்லை, நான் பாத்திரம் கழுவ வேண்டும், போகவில்லை. விடுதிக்குப் பின்னால் சமையல் கொட்டகையில் ஒரு மூலையில் நின்றுகொண்டு காலை மிச்சத்தைச் சட்டியோடு கையில் வைத்துத் தின்றுகொண்டிருந்தேன், சமையல்காரன் சாப்பிடுவது எப்போதும் அப்படித்தான், யாரும் பார்ப்பதில்லை, மாமி பார்த்துவிட்டாள். நின்னுண்டு திங்காதீங்கோ, எனக்குப் பாக்க முடியல, ரசம் நெறைய வெச்சுட்டேன், ஒரு வாய் சாப்பிடுங்கோ என்றாள், கையில் ஒரு பேப்பர் தட்டு, படகுக்குப் பழம் வைத்துக் கொடுக்க வாங்கியதில் மிச்சம், அதில் சாதத்தை வைத்துக் கீழே திண்டில் வைத்தாள், அவளுடைய சொந்தத் தட்டு எவர்சில்வர், பக்கத்திலேயே கழுவிக் கவிழ்த்திருந்தது. நிஜமான அன்போடுதான் வைத்தாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தின்றதும் தூக்கிப் போட்டுவிடலாம், கழுவ வேண்டாம், யாரும் தொட வேண்டாம். எனக்குப் பசிக்கவும் செய்தது. கொஞ்சம் இருங்க மாமி என்று சொல்லிவிட்டு, என் பையிலிருந்து என் தட்டை எடுத்து வந்தேன், பேப்பர் தட்டிலிருந்த சாதத்தை அதில் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் அவள் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன், இதுல ஊத்துங்க.

மாமி கரண்டியோடு நின்றாள், ஏரிக்காற்றில் கொட்டகைத் தகரம் அடித்துக்கொண்டது. பிறகு ரசத்தை மொண்டு கரண்டியைத் தூக்கினாள், தோளுக்கு மேலே, வேண்டுமென்று செய்யவில்லை, கைக்கு அது தெரிந்திருந்தது, அங்கிருந்து விட்டாள், ரசம் காற்றில் ஆடியது, என் மணிக்கட்டில் சுரீரென்றது, என் கைகள் தாமாகவே தட்டைக் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் நகர்த்த ஆரம்பித்தன, அவை யாருடைய கைகள் என்று எனக்குத் தெரிந்தது, நிறுத்தினேன், தட்டை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன், பாதி ரசம் தரையில் விழுந்தது. மாமி தரையைப் பார்த்தாள். சிந்துது மாமி, கொஞ்சம் எறக்கி ஊத்துங்க என்றேன். சுட்டுடுத்தா என்றாள். சூடுதான் என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், தன் பாத்திரத்திலிருந்து மறுபடியும் மொண்டாள், கரண்டி முழங்கை உயரத்துக்கு வந்து அங்கே நிற்கிறது, நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை, பிறகு அது இன்னும் இறங்குகிறது, தட்டின் விளிம்பில் பட்டு ணங்கென்று சின்னதாக ஒரு சத்தம், இரண்டு பேருமே அதைக் கேட்கிறோம், ரசம் சிந்தாமல் சாதத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.